"தெரியாது" என்று சொல்லலாமா?

கேள்வி: தொழில் ஆலோசகராக இப்போதுதான் தொடங்கியிருக்கிறேன். வருகிறவர்கள் எல்லோரும் "எனக்கு எந்த வேலை சரிவரும், சொல்லுங்கள்" என்கிறார்கள். உறுதியாகப் பதில் சொல்லாவிட்டால் என்மீது நம்பிக்கை போய்விடுமோ?

பதில்: போகாது. இல்லாத உறுதியைக் காட்டினால்தான், கொஞ்ச நாள் கழித்துப் போகும்.

எச்.பி. கெலாட் என்ற அமெரிக்க ஆலோசகர், தகவல் திரட்டி, சாத்தியங்களை எடைபோட்டு முடிவெடுக்கும் முறையை 1962-இல் முன்வைத்தார். 1989-இல் அவரே அதைத் திருத்தி, நிச்சயமின்மையை நல்லவிதமாக ஏற்றுக்கொண்டு முடிவெடுக்கலாம் என்று எழுதினார். தன் கோட்பாட்டையே மாற்றிக்கொண்ட அந்தத் துணிச்சல் எனக்கு மிகவும் பிடிக்கும்.

என்னிடம் வந்த ஒரு கணக்காளர், "பயிற்சித் துறைக்கு மாறலாமா, கூடாதா?" என்று கேட்டார். "இப்போதைக்கு எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வழி பார்ப்போம்" என்றேன். வேலையை விடாமலே, அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வகுப்பு எடுத்துப் பார்த்தார். வகுப்பெடுப்பது ஒத்துவரவில்லை. ஆனால் அதற்காகப் பாடக்குறிப்பு எழுதியது பிடித்துப்போனது! இப்படி ஒரு வேலை எங்கள் இருவர் மனதிலும் இருந்ததே இல்லை.

ஒன்று மட்டும் கவனம். கடனோடு, சேமிப்பு இல்லாமல் வருகிறவரிடம் "திறந்த மனதோடு இருங்கள்" என்பது கொடுமை. அவருக்கு முதலில் வருமானம், அப்புறம்தான் தேடல்.

மற்றவர்களிடம், "இந்த மாதம் எதைச் சின்னதாகச் செய்து பார்க்கலாம்?" என்று கேளுங்கள். பதிலை அவர்களே எழுதிக்கொண்டு போகட்டும்.