ஹேமக் (ரெண்டு முனையையும் கட்டி தொங்கவிடுற படுக்கை) கட்ட வீட்டுப் பின்பக்கம் மரம் இல்ல, ரெண்டு கம்பம் நடணும். எவ்ளோ ஆழம் தோண்டணும், ஆடாம நிக்க என்ன பண்ணணும்?

குழி ஆழத்துக்கு முன்னாடி கயிறு எவ்ளோ சரிவா வரப்போகுதுன்னு முடிவு பண்ணிக்கோங்க, கம்பம் நிக்கிறதும் சாயறதும் அதுலதான் இருக்கு. நிறைய பேர் "நான் 80 கிலோ, கம்பம் ரெண்டு, அப்போ ஒண்ணுக்கு 40 கிலோதானே, இதத் தாங்காதா"ன்னு கணக்கு போடுறாங்க. கீழ அழுத்துற பாரம் 40தான், சரி. ஆனா கம்பத்த சாய்க்கிறது உள்பக்கமா இழுக்குற இழுப்பு. நீங்க படுத்திருக்கும்போது கயிறு 30 டிகிரி சரிவுல இருந்தா ஒவ்வொரு பக்க கயித்துலயும் 80 கிலோ இழுவை வரும், அதுல கம்பத்த உள்ள இழுக்குற பங்கு மட்டும் 70 கிலோ கிட்ட. அதே ஹேமக்க விறைப்பா இழுத்து 10 டிகிரில கட்டினா, அதே ஆளுக்கு ஒரு பக்கத்துக்கு 230 கிலோ! அதுவும் தரையிலிருந்து 5 அடி உயரத்துல பிடிச்சு இழுக்குது, கடப்பாறையால நெம்புற மாதிரிதான். குழந்தைங்க தொப்புனு விழுந்து உக்காந்தா அந்த நேரத்துக்கு இன்னும் எகிறும்.

30 டிகிரிய அளக்க கருவி எதுவும் வேணாம், ஒருத்தர் படுத்திருக்கும்போது கயித்துல 2 அடி அளந்து பாருங்க, அந்த 2 அடிக்குள்ள 1 அடி கீழ இறங்கியிருந்தா சரியா இருக்குன்னு அர்த்தம். சாதாரண துணி ஹேமக் 10 அடி நீளம்னா கம்பத்துக்கு கம்பம் 13 அடி இடைவெளி விட்டு, கொக்கிய 5லேர்ந்து 5½ அடி உயரத்துல மாட்டினா உக்கார்ற இடம் தரையிலிருந்து ஒண்ணரை அடி கிட்ட வரும். ரெண்டு முனையிலயும் குறுக்கு கட்டை வெச்ச வகை வேற, அது தட்டையா தொங்குறதால இழுவை அதிகம், கம்பமும் குழியும் இன்னும் பலமா வேணும். எந்த வகைன்னு நீங்க சொல்லல, அதனால ரெண்டையும் சொல்லிட்டேன்.

கம்பத்துக்கு நான் ஜிஐ பைப்தான் (துத்தநாகம் பூசின இரும்பு பைப்) சொல்வேன், 3 இன்ச்சுக்கு குறையாம, சுவர் தடிமனா இருக்குற கனமான கேஜ். மரம்தான் பிடிக்கும்னா 4 இன்ச் சதுரம் வளைஞ்சு கொடுக்கும், 6 இன்ச் போங்க. மொத்த நீளம் 9 அடி, அதுல 3 அடி மண்ணுக்குள்ள. பைப்போட மேல் வாய மூடி போட்டு அடைச்சிடுங்க, இல்லன்னா மழைத்தண்ணி உள்ள இறங்கி துரு உள்ளேயே தின்னுட்டு வரும், வெளிய பார்த்தா ஒண்ணும் தெரியாது.

இப்போ குழி. தோண்டுறதுக்கு முன்னாடி அந்த இடத்துக்கு அடியில தண்ணி பைப்போ கரண்ட் கேபிளோ போகுதான்னு கண்டிப்பா பாருங்க. மூன்றரை அடி ஆழம், ஒரு அடிக்கு குறையாத அகலம், அடியில அரை அடிக்கு ஜல்லி. மரக்கம்பம்னா நேரா ஜல்லி மேலயே நிக்கட்டும், அடியில காங்கிரீட் போட்டு அடைச்சா தண்ணி வெளியேற வழியில்லாம அடிக்கட்டை அழுகிடும். கம்பம் உள்பக்கம் இழுபடும்போது மண்ண ரெண்டு இடத்துல அமுக்கும்: தரையை ஒட்டின மேல்பகுதியில உள்பக்கத்த, குழியோட அடியில வெளிப்பக்கத்த. அதனால ஹேமக் இருக்குற பக்கம் மேல் ஒரு அடி மண்ணு கெட்டியா, நோண்டாம இருக்கணும், அந்தப் பக்கம் பாத்தி கட்டாதீங்க, செடி வெக்க குழி பறிக்காதீங்க. தெரிஞ்சவங்க வீட்ல ஆழமாத்தான் நட்டிருந்தாங்க, காங்கிரீட் முழுசா போட்டிருந்தாங்க, ஆனாலும் மழைக்கு அப்புறம் காங்கிரீட்டோட சேர்த்து கம்பம் உள்பக்கம் சாஞ்சிடுச்சு, காரணம் அந்தப் பக்கம் புதுசா கொட்டி நிரப்பின மண்ணு. உங்க இடம் மணலாவோ நிரப்பின மண்ணாவோ இருந்தா 4 அடி ஆழம், ஒன்றரை அடி அகலம்னு போயிடுங்க, கம்பமும் அரை அடி கூடுதல் நீளமா வாங்கணும்.

காங்கிரீட்டுக்கு 1:2:4 கலவை (சிமெண்ட், மணல், ஜல்லி) போதும், தண்ணிய அளவா ஊத்துங்க, தளதளன்னு ஓடுற கலவை பலம் குறைஞ்சது. கம்பிய விட்டு குத்திக் குத்தி போடுங்க, காத்து தங்கக்கூடாது. கம்பத்த நேரா நிறுத்தாம மேல் முனை வெளிப்பக்கம் ரெண்டு இன்ச் சாயற மாதிரி வெச்சு ரெண்டு திசையில முட்டு கொடுங்க, இழுவை வந்ததும் கொஞ்சம் உள்ள வந்து நேரா தெரியும். பக்கவாட்டுல சாயாம இருக்க தூக்குக்குண்டு பிடிச்சு பாத்துக்கோங்க. காங்கிரீட்டோட தலைய தரைக்கு மேல ஒரு இன்ச் எடுத்து சுத்திலும் சரிவா பூசுங்க, கம்பத்த ஒட்டி தண்ணி நிக்காது. ஈரச்சாக்கு போட்டு ஒரு வாரம் நனைங்க, அந்த ஒரு வாரம் யாரும் தொங்கக்கூடாது, குழந்தைங்க குதிக்கிறதெல்லாம் 28 நாளைக்கு அப்புறம்.

கொக்கி விஷயத்துல மட்டும் சிக்கனம் பாக்காதீங்க ப்ளீஸ். மரத்துல திருகி ஏத்துற ஹூக் நாளாக நாளாக லூஸாகி பிடுங்கிட்டு வரும், தலை தரையில மோதும். கம்பத்த முழுசா துளைச்சு அந்தப்பக்கம் பெரிய வாஷர், நட் போட்டு இறுக்குற ஐ போல்ட் (தலையில வளையம் இருக்குற போல்ட்), குறைஞ்சது 10 மிமீ. ஐ போல்ட்ல கயித்த நேரா கட்டாம நடுவுல ஒரு ஷேக்கிள் (குறுக்க ஆணி போட்டு மூடுற U வடிவ இரும்பு வளையம்) மாட்டுங்க, இரும்புல உரசி அறுந்து போறது எப்பவும் அந்த முடிச்சுக்கிட்டதான், மாசத்துக்கு ஒருதடவ அந்த இடத்த விரலால தடவிப் பாத்துட்டு நூல் பிரிஞ்சிருந்தா கயித்த மாத்திடுங்க.