பணி ஓய்வு நெருங்குகிறது, பேத்தி கூப்பிடுகிறாள்: நான் என்ன செய்வது?

வாசகி கேள்வி: எனக்கு 59 வயது. கோவில்பட்டியில் அரசு மருத்துவமனைச் செவிலியராக இருக்கிறேன். 1995-ல் வேலைக்குச் சேர்ந்தேன். இன்னும் எட்டு மாதத்தில் ஓய்வு. கணவர் மில் வேலையிலிருந்து நான்கு வருடம் முன்பே ஓய்வு பெற்றவர். இன்றைக்கும் என்னை டியூட்டிக்கு வண்டியில் கொண்டுவிட்டுக் கூட்டி வருவது அவர்தான். மகனும் மருமகளும் சென்னையில் வேலை பார்க்கிறார்கள், பேத்திக்கு இரண்டு வயது. ‘அம்மா ரிட்டயர்டு ஆனதும் இங்கே வந்துருவாங்க’ என்று அவர்களே முடிவு செய்துவிட்டார்கள். பேத்தி என்றால் எனக்கு உயிர். ஆனாலும் மனசுக்குள் என்னவோ அடைக்கிறது. ஒரு நாள்கூட வேலையில்லாமல் இருந்து பழக்கமில்லை. எனக்கென்று என்ன செய்வது? வரும் பணத்தை எங்கே போடுவது?

பதில்: முதலில் பணத்தை முடித்துவிடுவோம் சிஸ்டர், அது சுலபம். 1.4.2003-க்கு முன் சேர்ந்ததால் உங்களுக்குப் பழைய ஓய்வூதியத் திட்டம்தான். மாதம் பிறந்தால் பென்ஷன் வரும். ஆகவே கையில் வரும் பணிக்கொடை, ஜி.பி.எஃப். (சம்பளத்தில் பிடித்த சேமநிதி) பணத்தைப் பெருக்க அலைய வேண்டாம், பத்திரமாக வைத்தால் போதும். தபால் நிலையத்திலோ வங்கியிலோ மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒருவர் 30 லட்சம் வரை போடலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி வரும். கணக்கு தொடங்கும் நாளில் என்ன வட்டியோ, அதுவே ஐந்து வருடத்துக்கும் மாறாது. 8.2 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 15 லட்சத்துக்குக் காலாண்டுக்கு 30,750 ரூபாய். மீதியை வங்கியில் போடுவதானால் ஒன்றை நினைவில் வையுங்கள்: ஒரு வங்கியில் ஒருவரின் வைப்புத்தொகைக்கு வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரைதான் காப்பீடு. பென்ஷனில் பிடிக்கப்படும் மருத்துவக் காப்பீட்டில் கணவர் பெயர் சரியாக ஏறியிருக்கிறதா என்று ஓய்வுக்கு முன்பே பார்த்துவிடுங்கள். வீட்டை இப்போதே மகன் பெயருக்கு செட்டில்மென்ட் (உடனே கைமாறிவிடும் பத்திரம்) எழுத வேண்டாம். மகன் எவ்வளவு நல்ல பிள்ளையாக இருந்தாலும் சரி, உயில் போதும்.

இனி, உங்களை அடைக்கிற விஷயத்துக்கு வருகிறேன். ஓய்வு பெறப்போகிறவர்களிடம் பேசுவதே என் வேலை. ‘ஓய்வுக்குப் பிறகு பொழுது போகாது’ என்று பலரும் பயப்படுகிறார்கள். என் அனுபவத்தில் பொழுது எப்படியோ போய்விடும். நம்மை எதிர்பார்த்து ஒருவரும் காத்திருக்கவில்லை என்பதுதான் ஆளை உள்ளுக்குள் அரிக்கும். இன்று காலை நீங்கள் பத்து நிமிடம் தாமதமாகப் போனால், நைட் டியூட்டி முடித்த சிஸ்டர் வாசலைப் பார்த்தபடி நிற்பார். டிரெஸ்ஸிங் மாற்ற வேண்டிய பெரியவர் ‘அந்த சிஸ்டர் வரட்டும்’ என்று சொல்லிக்கொண்டிருப்பார். அது ஒரே நாளில் நின்றுபோகும்.

என் அக்கா கிராம சுகாதாரச் செவிலியராக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகு வந்த முதல் புதன்கிழமை, அதாவது தடுப்பூசி நாள், விடிவதற்கு முன்பே குளித்துப் புடவை கட்டி, டிபன் பாக்ஸில் எலுமிச்சை சாதமும் வைத்து மூடிவிட்டார். அப்புறம்தான் நினைவு வந்தது. அந்த டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார். இரண்டு மூன்று மாதம் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. ஒரு நாள் பக்கத்துத் தெருப் பாட்டி மாத்திரைப் பையைக் கொண்டுவந்து கொட்டி, ‘இதுல எது சாப்பாட்டுக்கு முன்னால, எது பின்னால?’ என்று கேட்டார். அக்கா சீட்டைப் பார்த்து, ஒவ்வொரு அட்டையிலும் ஸ்கெட்ச் பேனாவால் சூரியன், நிலா வரைந்து கொடுத்தார். இப்போது செவ்வாய், வெள்ளி சாயங்காலம் நாலிலிருந்து ஆறு வரை அக்கா திண்ணையில் இருப்பார் என்று ஊருக்கே தெரியும். ஊசி போடுவதில்லை, மருந்து கொடுப்பதில்லை. பி.பி. பார்த்து நோட்டில் எழுதுவார், சீட்டைப் படித்துச் சொல்வார், டாக்டரிடம் போக வேண்டியவரை விரட்டி அனுப்புவார். அவ்வளவுதான்.

உங்களுக்கும் இப்படி ஓர் இடமும் நேரமும் வேண்டும், அதுவும் ஓய்வு பெறும் நாளுக்கு முன்பே. உங்கள் கை அறிந்த வேலையில் எனக்குத் தோன்றுவது, படுத்த படுக்கையாய் இருப்பவர்களின் வீடுகள். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சுகாதாரப் பணியாளர்கள் வீடு தேடி வருகிறார்கள், உண்மைதான். ஆனால் அவர்கள் கிளம்பிய பிறகு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாமனாரைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டியது மருமகள். இடுப்பு பிடித்துக்கொள்ளாமல் எப்படித் திருப்புவது, படுக்கைப்புண்ணின் முதல் சிவப்பு எங்கே தெரியும் என்று பக்கத்தில் நின்று சொல்லித்தர ஆள் கிடையாது. வாரம் இரண்டு வீடு போதும், அக்காவைப் போலவே செவ்வாய் ஒன்று, வெள்ளி ஒன்று. செவிலியர் கவுன்சில் பதிவைக் காலாவதியாக விட்டுவிடாதீர்கள்.

கணவரைப் பற்றி நீங்கள் எழுதிய ஒரு வரியை இரண்டு தடவை படித்தேன். அவருக்கு நான்கு வருடமாக இருக்கிற டியூட்டியே உங்களைக் கொண்டுவிட்டுக் கூட்டி வருவதுதான். உங்களோடு சேர்ந்து அன்றைக்கு அவரும் ஓய்வு பெறுகிறார். சென்னை ஃபிளாட்டில் பேத்தியோடு உங்களுக்குக் கை நிறைய வேலை இருக்கும். அவர் பால்கனியில் உட்கார்ந்து என்ன செய்வார்? இதை அவரிடமே கேளுங்கள். அந்த இரண்டு வீடுகளுக்கும் உங்களைக் கொண்டுவிடப் போகிறவர் அவர்தான் என்றால், திட்டத்தில் அவரும் இருக்கட்டும்.

பேத்தி விஷயத்தில் ‘போகலாமா, வேண்டாமா’ என்று யோசிப்பதை விட்டுவிட்டு, எத்தனை நாள், எப்படி என்று யோசியுங்கள். குழந்தையைப் பார்ப்பது முழு நேர டியூட்டி, அதில் ஷிஃப்ட் முடிவதே இல்லை. முப்பது வருடம் நைட் டியூட்டி பார்த்த உடம்புக்குத் தூக்கம் வேண்டும். அதனால் இரண்டு மாதம் சென்னை, ஒரு மாதம் கோவில்பட்டி என்று வைத்துக்கொள்ளலாம். நீங்கள் ஊரில் இருக்கும் மாதத்துக்கு அவர்கள் காப்பகமோ ஆளோ பார்த்துக்கொள்ளட்டும். பேத்தி பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் மறுபடி பேசிக்கொள்ளலாம். சென்னையில் இருக்கும்போதும் ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு விடுமுறை. கோவில்பட்டி வீட்டை வாடகைக்கு விட்டுவிடாதீர்கள்.

இந்த வாரமே அலுவலகத்தில் உங்கள் ஈட்டிய விடுப்புக் கணக்கைக் கேளுங்கள். ஓய்வின்போது 240 நாளுக்குத்தான் காசு கிடைக்கும். அதற்கு மேல் சேர்ந்தது வீண்தான், அதை எடுத்துவிடலாம். 240 இல்லாவிட்டால் எடுக்கும் நாளுக்கான காசு குறையும், ஆனாலும் ஒரு பதினைந்து நாள் எடுப்பது தகும். கணவரையும் கூட்டிக்கொண்டு சென்னை போய், பேத்தியை முழுப் பொறுப்பில் பார்த்து, ஒத்திகை பாருங்கள். யாருக்கு எங்கே மூச்சு முட்டுகிறது என்று தெரிந்துவிடும்.

ஊர் திரும்புவதற்கு முந்தின இரவு, குழந்தை தூங்கியதும் மகனையும் மருமகளையும் உட்கார வைத்துச் சொல்லுங்கள்: ‘பாப்பாவைப் பார்த்துக்க வர்றோம்ப்பா. ஆனா ஊர்ல இருக்கிற மாசம், செவ்வாய், வெள்ளின்னா எனக்குக் கோவில்பட்டியில காத்துட்டு இருக்கவங்க இருக்காங்க. ரெண்டையும் சேர்த்து எப்படிப் பண்ணலாம்னு இப்பவே பேசிருவோம்.’