கேளுங்கள், சொல்கிறேன்: பத்து வெள்ளியில் தோட்டம் வாங்கிய தலைவர்

கேள்வி: என் மகன் தினமும் துன் சம்பந்தன் மோனோரயில் நிலையத்தில் இறங்குகிறான். 'யாரும்மா இவர்?' என்று கேட்டான். ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ் கட்சி) தலைவர் என்பதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. (வாசகி, பிரிக்ஃபீல்ட்ஸ்)

பதில்: பதவிகளை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன், அம்மா. துன் வீ.தி. சம்பந்தன் 1919இல் பேராக், சுங்கை சிப்புட்டில் பிறந்தவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தார். 1955 முதல் 1973 வரை ம.இ.கா. தலைவர். தொழிலாளர், சுகாதாரம், பொதுப்பணி என்று பல அமைச்சுகளைப் பார்த்தார். 1979இல் மறைந்தார்.

மகனிடம் தோட்டத் துண்டாடலைப் பற்றிச் சொல்லுங்கள். சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்கார முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி விற்றார்கள். பத்து ஏக்கர் வாங்கியவருக்குத் தொழிலாளர் குடியிருக்கும் லயம் எதற்கு, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகை எதற்கு, தமிழ்ப்பள்ளி எதற்கு? வேலை போனவர்களுக்கு அன்றே வீடும் போனது. பிள்ளைகளின் படிப்பும் நின்றது.

மனுக் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் தோட்டம் கைமாறிவிடும். தொழிலாளர்களே வாங்கிவிடலாம் என்றார் சம்பந்தன். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. ஒரு பங்கு நூறு வெள்ளி (அன்றைய டாலர்). மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம். அவரே தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசினார். மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் சங்கத்தின் கைக்கு வந்தது.

என் அப்பா பால்மரம் சீவியவர். அந்தப் பத்து வெள்ளியைக் கட்டும் மாதத்தில் அம்மா மளிகைக் கடைக் கணக்கில் எதையாவது குறைப்பார். அப்படிச் சேர்ந்த பணம் அது! அந்த மக்கள் ஒருவரை நம்பிப் பணம் கொடுத்தார்கள் என்றால், அதைவிடப் பெரிய பதவி எது என்று எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: ஒருவரே 18 ஆண்டுகள் கட்சித் தலைவராக இருந்தது சரியா? (வாசகர், செந்தூல்)

பதில்: சரியில்லை என்றுதான் நினைக்கிறேன். கடைசி ஆண்டுகளில் கட்சிக்குள் பூசல் முற்றியது. 1973இல் துணைத் தலைவர் மாணிக்கவாசகத்திடம் பொறுப்பு போனது. இன்னும் முன்பே விலகியிருந்தால் அவருக்கும் மரியாதை, கட்சிக்கும் நல்லது. ஆனால் பணம் பார்க்க அவர் பதவியில் ஒட்டிக்கொண்டிருந்தார் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். வசதியான ரப்பர் தோட்டக் குடும்பத்தில் பிறந்தவர். அரசியலுக்கு வந்தபோது இருந்ததைவிடக் குறைந்த சொத்தோடுதான் போய்ச் சேர்ந்தார்.

கேள்வி: பாட்டியின் பெட்டியில் அந்தச் சங்கத்தின் பழைய பங்குப் பத்திரம் கிடைத்தது. அது செல்லுமா? (வாசகி, பட்டர்வொர்த்)

பதில்: தூக்கிப் போட்டுவிடாதீர்கள்! சங்கம் இன்றும் இயங்குகிறது. தலைமையகம் கோலாலம்பூர் சுல்தான் சுலைமான் சாலையில், விஸ்மா துன் சம்பந்தன். பத்திரம், பாட்டியின் இறப்புச் சான்றிதழ், உங்கள் அடையாள அட்டை மூன்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். பாட்டி வாரிசாக யார் பெயரையாவது எழுதிக் கொடுத்திருக்கிறாரா என்பதை முதலில் கேளுங்கள். அப்புறம், பத்திரத்தை நகல் எடுத்து வீட்டில் ஒன்று வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.