ஏஐ சந்தா: கம்பம், குமுளிக்காரர்கள் கேட்டவையும் பதிலும்

அண்ணே, சாட்ஜிபிடி கோ இலவசம் என்று எடுத்தேன். ஒரு வருஷம் முடிந்தால்?

2025 ஆகஸ்டில் மாதம் 399 ரூபாய்க்கு வந்த திட்டம் அது. நவம்பரில் ஒரு வருஷம் இலவசம் என்றார்கள். எடுக்கும்போது யுபிஐயோ கார்டோ பதிந்தீர்கள் அல்லவா, அதுதான் மேண்டேட்; வருஷம் முடிந்ததும் பணத்தைத் தானாகப் பிடிக்க நீங்கள் கொடுத்த அனுமதி. ரிசர்வ் வங்கி விதிப்படி 15,000 ரூபாய் வரை மாதாமாதம் பிடிக்க ஓடிபி வேண்டாம். 24 மணி நேரம் முன்பு மெசேஜ் வரும். அதை லோன் விளம்பரத்தோடு சேர்த்து அழித்துவிடுகிறோம். சந்தாவை ரத்து செய்துவிட்டு, யுபிஐ ஆப்பில் ஆட்டோபேயையும் நிறுத்துங்கள்.

ஆப்பை அழித்தும் பணம் போகிறதே?

ஆப் போனால் மேண்டேட் போகாது. ஆட்டோபேயை நிறுத்துங்கள்!

குமுளி எஸ்டேட் ஆபீசில் மலையாளக் கடிதம் எழுத சாட்ஜிபிடி பிளஸ் வாங்கலாமா?

மாதம் 1,999 ரூபாயா? வேண்டாம் தம்பி. பணம் கட்டினால் இன்னும் அதிகமாகப் பயன்படுத்தலாம்; நாளைக்கு இரண்டு கடிதத்துக்கு இலவசமே போதும். சர்வே எண்ணையும் தேதியையும் மலையாளம் படிக்கத் தெரிந்தவரிடம் காட்டிவிட்டு அனுப்புங்கள்.

ஏலக்காய் விலையை ஏஐ முன்கூட்டியே சொல்லுமாமே? போடியில் ஒருவர் மாதக் கட்டணம் வாங்கிக்கொண்டு சொல்கிறார்.

இடுக்கி மழை, குவாத்தமாலா விளைச்சல், வளைகுடாவில் ரம்ஜான் கொள்முதல், உங்கள் காயின் நிறம், பருமன் எல்லாம் சேர்ந்தது விலை. புத்தடி, போடி மின்னணு ஏல விலையை ஸ்பைசஸ் போர்டு தன் தளத்தில் சும்மாவே போடுகிறது.

அவர் சொன்னது பலித்ததே!

ஏறும், இறங்கும் என்று இரண்டில் ஒன்றைச் சொன்னால் யாருக்கும் பாதி பலிக்கும். எந்தத் தேதியில் எத்தனை ரூபாய் என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

பெரிய வியாபாரிகள் மட்டும் ஏஐ வைத்துக்கொள்ளலாமா?

தாராளமாக. ஆனால் அவர்களுக்குக் கிடங்கில் சரக்கு இருக்கிறது, காத்திருக்க முடியும். கூலி கொடுக்க வெள்ளிக்கிழமையே விற்கிறவருக்கு விலை தெரிந்தும் என்ன லாபம்? நேற்றைய விலைகளை ஏஐயிடம் கொடுத்து அட்டவணை போடச் சொல்லுங்கள், அதற்குச் சரி.

ஐந்து பேர் ஒரே கணக்கு?

விதி அனுமதிக்காது. உங்கள் நகைக்கடன் கேள்வியை மச்சானும் படிப்பார்.

ஜியோவில் கூகுளின் ஏஐ ஜெமினி இலவசமாமே?

18 மாதம், அன்லிமிடெட் 5ஜி ரீசார்ஜ் இருக்கும்வரை. 35,100 ரூபாய் மதிப்பு என்றார்கள். காசு கொடுத்து வாங்கியிருப்பீர்களா?

எது பெஸ்ட் அண்ணே?

என்ன வேலைக்கு என்று எழுதுங்கள். அதுவரை எதற்கும் ஆட்டோபே போடாதீர்கள்.