கதவு சேரவில்லை என்றால் கதவை அடிக்காதீர்கள்: பழைய ஜீப், ஜிப்ஸி கேள்வி-பதில்

இந்தத் தடவை வந்த கேள்விகள் சொல்லிவைத்தாற்போல ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. துருப்பிடித்த தகரத்தை வெட்டி ஒட்டியாயிற்று, இல்லை ஒட்டப்போகிறோம், கதவு என்ன ஆகும்? ஆகவே எல்லாவற்றையும் சேர்த்தே போட்டுவிட்டேன்.

தூத்துக்குடியில் இருக்கிறேன் அண்ணா. 1998 ஜிப்ஸி, சாஃப்ட் டாப். டிரைவர் பக்கக் கதவைத் தூக்கிப் பிடித்துத்தான் சாத்த வேண்டியிருக்கிறது. கீலை அடித்து வளைத்தால் சரியாகிவிடும் என்கிறார் டிங்கர். செய்யலாமா?

வேண்டாம். முதலில் கதவைப் பாதி திறந்து, பின்பக்க ஓரத்தைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். இன்னொருவர் கீல் பக்கம் உட்கார்ந்து கவனிக்கட்டும். கீலுக்குள் இருக்கும் பின் (அச்சுக் கம்பி) ஆடினால் அந்தக் கம்பியும் அதைச் சுற்றிய புஷ்ஷும் தேய்ந்திருக்கின்றன, லேத்தில் கொடுத்துப் புதிதாகக் கடைந்து போட்டுக்கொள்ளலாம், செலவும் குறைவு. கீல் ஆடாமல் அது பிடித்திருக்கும் தகரம் உப்பி உப்பி அமுங்கினால் கதவு தொங்கும் தூண் உள்ளே அரித்துவிட்டது என்று அர்த்தம். இரண்டும் கெட்டியாக இருந்தால் வண்டிக்கு அடியில் போய்ப் பாருங்கள். ஜிப்ஸியின் பாடி தனி, அதைத் தாங்கும் அடிச்சட்டமான சேஸி தனி. நடுவில் ரப்பர் மவுண்ட்டுகள்தான் தாங்குகின்றன. அந்த ரப்பர் நசுங்கினாலோ, அதன் மேல் உட்காரும் தகரம் துருவில் போனாலோ பாடி அந்த இடத்தில் இறங்கும், கதவு நிற்கும் வாசலே கோணலாகும். வீட்டில் நிலை இறங்கிவிட்டால் கதவை எத்தனை தடவை இழைத்தாலும் அடுத்த மழைக்கு மறுபடி பிடிக்குமே, அதே கதைதான். உங்களுடையது சாஃப்ட் டாப் வேறு. முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் இழுத்துக் கட்ட மேலே இரும்புக் கூரை இல்லை, தரையும் கதவுக்குக் கீழே ஓடும் சில் பேனலும்தான் மொத்த வாசலையும் தாங்குகின்றன. உப்புக்காற்று முதலில் தின்பதும் அவற்றைத்தான்.

கொடைக்கானலிலிருந்து எழுதுகிறேன். கதவுக்குக் கீழே ஓடும் சில் இரண்டு பக்கமும் கையால் பிய்க்கிற நிலையில் இருக்கிறது. வெட்டிவிட்டுப் புதிது வைக்கப்போகிறார்கள். கதவு மறுபடி சேருமா சார்?

சேரும், ஆனால் வெட்டுவதற்கு முன்னால் செய்யும் வேலையைப் பொறுத்து. வண்டி சமதளத்தில் தன் நான்கு சக்கரத்தில் நிற்க வேண்டும், இல்லையென்றால் சேஸிக்கு அடியில் ஆக்சில் ஓரமாக ஸ்டாண்டு கொடுத்து நிறுத்த வேண்டும். பாடிக்கு நடுவில் ஜாக்கி வைத்துத் தூக்கிக்கொண்டே வெல்டிங் அடித்தால், ஜாக்கியை இறக்கியதும் வாசல் வேறு அளவுக்குப் போய்விடும். பாடி மவுண்ட் ரப்பர்களை முதலிலேயே மாற்றிவிடுங்கள், கடைசியில் மாற்றினால் சேர்த்துவைத்த கதவு திரும்பவும் கலையும்.

அப்புறம் அளவு. ஒவ்வொரு கதவு வாசலுக்கும் மூலைக்கு மூலை இரண்டு குறுக்களவு, மேலே நடுவே கீழே என்று மூன்று அகலம், இடது தூணிலிருந்து வலது தூணுக்கு ஓர் அளவு. எங்கே டேப் வைத்தீர்கள் என்று சென்டர் பஞ்ச்சால் புள்ளி வையுங்கள், மார்க்கர் கிரைண்டர் பட்டால் அழிந்துவிடும். அளந்த பிறகு 25 மி.மீ. சதுரக் குழாயை முன் தூணுக்கும் பின் தூணுக்கும் நடுவே இரண்டு கிடையாக, ஒன்று மூலைவாட்டாகப் பற்றவையுங்கள். இதைக் கதவு சாத்த இடைஞ்சல் இல்லாமல் உள்பக்கமாகத் தள்ளி வைப்பது ரொம்ப முக்கியம். ஏனென்றால் வேலை முடியும்வரை கதவு தொங்கிக்கொண்டே இருக்க வேண்டும், உங்களிடம் இருக்கும் அளவுகோல்களிலேயே நம்பகமானது அந்தக் கதவுதான். கதவைக் கழற்றி மூலையில் சாத்திவிட்டுச் சில் மாற்றும் பட்டறையை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

ஒரு பக்கம் முழுக்க முடித்துவிட்டுத்தான் அடுத்த பக்கம் வெட்ட வேண்டும். உள் சில் முதலில், வெளிச் சில் பிறகு. புதுத் தகரத்தை, 18 கேஜ் போதும், கிளாம்ப் போட்டு நிறுத்தி, கதவைச் சாத்தி இடைவெளியைப் பாருங்கள். பொட்டுப் பொட்டாக டாக் அடியுங்கள். மறுபடி கதவைச் சாத்திப் பாருங்கள். அதற்குப் பிறகுதான் முழு வெல்டிங், அதுவும் 2 செ.மீ. இங்கே, 2 செ.மீ. தள்ளி அங்கே என்று, கைவைக்கும் சூடு வரும்வரை ஆறவிட்டு. கம்பி தானாக வந்து, கார்பன் டை ஆக்சைடு வாயு சுற்றிக் காக்கும் சிஓ2 வெல்டிங்தான் நல்லது. கேஸ் வெல்டிங் அகலமாகச் சூடேற்றும், ஆறும்போது தகரம் சுருங்கித் தூணையே இழுத்துவிடும். பெட்ரோல் டேங்கைக் கழற்றாமலும் பேட்டரி ஒயரைப் பிரிக்காமலும் இந்த வேலையை ஆரம்பிக்கவே விடாதீர்கள், இதில் மட்டும் பேரம் பேசாதீர்கள்.

இடைவெளி பின்னால் அகலமாக இருக்கிறது. பட்டி போட்டுச் சரிசெய்துவிடலாமா?

ஓரத்தில் பட்டி நிற்காது, கதவு நாலு தடவை அடித்துச் சாத்தினால் பெயர்ந்துவிடும். அந்த விளிம்பில் 3 மி.மீ. கம்பியை வைத்துப் பற்றவைத்து, கிரைண்டரால் இழைத்துக் கொண்டுவாருங்கள். இந்த வண்டிகளுக்குச் சுற்றிலும் 5 மி.மீ. சீராக இருந்தாலே பார்க்க அழகு. பெயிண்ட்டும் இடம் பிடிக்கும் என்பதால் வெறும் தகரமாக இருக்கும்போது அரை மி.மீ. கூடவே விடுங்கள்.

கீலை முதலில் சரிசெய்வதா, லாக் பிடிக்கும் ஸ்ட்ரைக்கரை முதலில் சரிசெய்வதா?

ஸ்ட்ரைக்கரைக் கழற்றி மேசையில் வைத்துவிடுங்கள். ஸ்ட்ரைக்கர் இருந்தால் அது கதவைத் தூக்கிப் பிடித்து உங்களை ஏமாற்றும். கீலில் மட்டும் தொங்கி, கதவு தானாகவே சரியான உயரத்துக்கு வந்து உட்கார வேண்டும். முதலில் பின் ஓரத்தைப் பாருங்கள், அங்கே கதவுக்குப் பின்னால் இருக்கும் பக்கத் தகடு, அதாவது குவார்ட்டர் பேனல், பாடியோடு வெல்டு ஆனது, நகராது. முன்னால் இருக்கும் மட்கார்டு போல்ட்டில் நிற்பது, அதைக் கடைசியில் கதவுக்கு ஏற்ப நகர்த்திக்கொள்ளலாம்.

கீலில் கொஞ்சமாகத்தான் நகர்த்த வேண்டும். இரண்டு கீலுக்கும் நடுவே 40 செ.மீ., கதவின் நீளம் 90 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். மேல் கீலை மட்டும் 1 மி.மீ. முன்னால் தள்ளினால் பின் ஓரம் 2 மி.மீ.க்கு மேல் உயரும். அதனால் ஒரு கீலின் போல்ட்டை மட்டும் லேசாகத் தளர்த்தி, மற்றதை இறுக்கமாகவே வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். எல்லாம் சரியான பிறகு ஸ்ட்ரைக்கரைப் போடுங்கள்.

மஹிந்திரா ஜீப். பழைய தார்ப்பாய்க் கதவை எடுத்துவிட்டு உள்ளூரில் செய்த இரும்புக் கதவு போட்டேன். கீழே சரி, மேலே கண்ணாடிச் சட்டத்தில் உரசுகிறது.

அமெரிக்க வில்லிஸ் ஜீப்பின் வழி வந்த உங்கள் ஜீப்பில் முன் கண்ணாடிச் சட்டம் மடங்கும், அதாவது அது பாடியின் பகுதியில்லை, கீலில் நிற்பது. அது ஒரு விரல் சாய்ந்தாலும் கதவின் மேல் முனையில் தெரியும். கூரையின் போல்ட்டுகளைத் தளர்த்தி, சட்டத்தைக் கதவுக்கு இணையாக நிறுத்தி, மறுபடி இறுக்குங்கள். அப்படியும் உரசினால் மட்டும் கதவுச் சட்டத்தைத் தொடலாம்.

புது ரப்பர் பீடிங் போட்டதும் கதவு லாக் ஆகவில்லை.

பீடிங் இல்லாமல் சேர்ந்ததா? சேர்ந்தது என்றால் கதவில் குறையில்லை, ரப்பர் தடிமன். ராத்திரி கதவைச் சாத்தியே வைத்துக் கொஞ்ச நாள் அமுங்கவிடுங்கள். ஸ்ட்ரைக்கரை வெளியே இழுத்துவிட்டால் ரப்பர் படிந்த பிறகு கதவு கடகடக்கும்.

நுவரெலியாவில் தோட்டத்து லேண்ட் ரோவர் ஒன்று இருக்கிறது. அலுமினியம் துருப்பிடிக்காது என்றார்கள், ஆனால் கதவின் அடி ஓரம் பொங்கி வெள்ளைப் பொடி கொட்டுகிறது.

1948-ல் லேண்ட் ரோவர் வந்தபோது போருக்குப் பிந்திய பிரிட்டனில் எஃகு தட்டுப்பாடு, அதனால் வெளித் தகடு அலுமினியக் கலவையானது. ஆனால் உங்கள் கதவின் உள்சட்டம் எஃகு. இரண்டு உலோகமும் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம்தான் அரிபடும், அந்த வெள்ளைப் பொடி அதுவே. சட்டத்தைச் சுத்தம் செய்து எப்பாக்ஸி பிரைமர் அடித்து, இரண்டும் நேராகத் தொடாதபடி நடுவில் சீலன்ட் கொடுத்துப் புதுத் தகட்டை மடியுங்கள். அதோடு முன்பக்கம் கால் வைக்கும் இடத்தையும் தூண்களின் அடியையும் குத்திப் பாருங்கள். கதவு தொங்கும் பல்க்ஹெட், அதாவது என்ஜினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவே நிற்கும் சுவர், எஃகுதான், அதன் அடி சேஸியோடு சேரும் இடம் அரித்தால் கதவு இடைவெளி போய்விடும். அதைக் கழற்றும் நிலை வந்தால், இரண்டு தூணுக்கும் குறுக்கே குழாய் பற்றவைக்காமல் ஒரு போல்ட்டையும் தொடவேண்டாம்.

எல்லாம் முடித்து பெயிண்ட்டும் ஆயிற்று. மறுபடி துரு வராமல் இருக்க?

வெளியே அடித்த பெயிண்ட் உள்ளே போகவில்லை, வெல்டிங் சூட்டில் எரிந்து வெறுமையான இரும்பு சில்லுக்குள்தான் இருக்கிறது. நீளக் குழாய் வைத்த ஸ்பிரேயால் சில், தூண், கதவின் அடிப்பகுதி எல்லாவற்றுக்குள்ளும் மெழுகு வகைத் துருத்தடுப்பான் அடியுங்கள். அடித்த பிறகு கதவின் அடியிலும் சில்லிலும் இருக்கும் தண்ணீர் வடியும் ஓட்டைகளை ஒரு கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள், சீலன்ட்டும் மெழுகும் அவற்றை அடைத்துவிடும். ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்னும் கதவுக் கண்ணாடியின் வெளி ஓரத்தில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், கீழே ஒழுகினால் சரி.