பழைய ஸ்விஃப்டில் புது ஸ்டியரிங் மாட்டலாமா? - வாசகர் கேள்வி பதில்

என்னுடையது 2009 ஸ்விஃப்ட், பேஸ் மாடல். தம்பியின் 2014 ஸ்விஃப்டில் ஸ்டியரிங்கிலேயே பாட்டுக்கான பட்டன் இருக்கிறது. அதே ஸ்டியரிங் பழைய பாகக் கடையில் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கி மாட்டலாமா?
- வாசகர், பாலக்கோடு

வாங்காதீர்கள். பெயர்தான் ஸ்விஃப்ட். 2005-ல் வந்த வண்டி வேறு, 2011-ல் வந்த வண்டி வேறு. ஸ்டியரிங் தண்டின் பல் ஒத்துப்போகிறது என்று கடைக்காரர் மாட்டிக் காட்டினாலும், பின்னால் இருக்கும் ஒயரிங் ஒத்துப்போகாது.

ஸ்டியரிங் சுற்றும்போது ஒயர் அறுந்துவிடாமல் இருக்க, அதன் அடியில் நாடாச் சுருள் மாதிரி ஒரு பாகம் உண்டு. கிளாக் ஸ்பிரிங் என்பார்கள். பட்டன் இல்லாத வண்டியின் கிளாக் ஸ்பிரிங்கில் ஆடியோவுக்கான ஒயரே இருக்காது. ஆகவே அதையும் மாற்ற வேண்டும். மாற்றும்போது சக்கரம் நேராக நிற்க, சுருளும் நடுவில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் கூடுதலாகச் சுற்றிய நிலையில் மாட்டினால், முதல் முறை முழுசாக ஒடித்துத் திருப்பும்போதே நாடா அறுந்துவிடும். ஹார்னும் போய்விடும்.

ஏர்பேக் விஷயம் இன்னும் மோசம். ஏர்பேக் இல்லாமல் வந்த வண்டியில் ஏர்பேக் ஸ்டியரிங்கை மாட்டினால் பாதுகாப்பு அதிகமாகாது. மோதலை உணரும் சென்சாரும் கம்ப்யூட்டரும் இல்லாததால் விபத்தில் அது விரியாது. வெடிமருந்து உள்ள ஒரு பொட்டலத்தை நெஞ்சுக்கு நேரே சும்மா வைத்துக்கொண்டு ஓட்டுவதுதான் மிச்சம். ஏர்பேக் உள்ள வண்டியிலும் பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, சில நிமிடம் காத்திருந்த பிறகே கை வைக்க வேண்டும். ஏர்பேக் ஒயரைச் சேர்க்கும் மஞ்சள் கப்ளரில் மல்டிமீட்டர் (மின்சாரம் அளக்கும் கருவி) வைத்துப் பார்க்கவே கூடாது. மீட்டரின் சின்ன மின்சாரமே அதைத் தூண்டிவிடலாம்.

உங்களுக்கு வேண்டியது பட்டன்தானே? ஸ்டியரிங் வளையத்தில் கவ்விக்கொள்ளும் வயர்லெஸ் பட்டன் செட் விற்கிறது. அதன் ரிசீவரிலிருந்து வரும் ஒயரை ஆண்ட்ராய்டு ஸ்டீரியோவின் 'கீ 1' ஒயரோடு சேர்த்து, ஸ்டீரியோ மெனுவில் எந்தப் பட்டன் எதற்கு என்று பதிவு செய்தால் வேலை முடிந்தது.

பேஸ் மாடலின் முன்கதவு இரண்டுக்கும், அதே வரிசை டாப் மாடலின் பவர் விண்டோ போட ஆசை. என்னென்ன வாங்க வேண்டும்? எங்கே தப்பு நடக்கும்?
- வாசகர், காவேரிப்பட்டணம்

இதைத் தாராளமாகச் செய்யலாம். அதே தலைமுறை டாப் மாடல் என்பதால் கதவுக்குள் போல்ட் துளைகள் பெரும்பாலும் அப்படியே இருக்கும். வாங்க வேண்டியவை: மோட்டாரோடு சேர்ந்த, கண்ணாடியை ஏற்றி இறக்கும் ரெகுலேட்டர் 2 (இடது, வலது வேறு வேறு), டிரைவர் பக்க மெயின் ஸ்விட்ச் 1, பயணி பக்க ஸ்விட்ச் 1, டாப் மாடலின் டோர் பேட் (கதவின் உள்பக்க மூடி) 2, கதவுக்கும் பாடிக்கும் நடுவே வரும் ரப்பர் குழாய் 2, 40 ஆம்பியர் ரிலே (சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை ஆன் செய்யும் ஸ்விட்ச்) 1, ஃபியூஸ் ஹோல்டர் 1. கண்ணாடியைச் சுற்றும் கைப்பிடித் துளை உள்ள பழைய பேடையே வைத்துக்கொள்வதாக இருந்தால் துளைக்கு மூடி போட வேண்டும். பார்க்க நன்றாக இருக்காது.

பேட்டரியிலிருந்து 30 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக 2.5 சதுர மி.மீ. ஒயர் ரிலேவுக்கு வரட்டும். ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ரிலேவைச் சாவி ஆன் ஆகும் ஒயரோடு இணையுங்கள். சிகரெட் லைட்டர் ஒயரிலிருந்து இழுத்தால், இரண்டு கண்ணாடியும் சேர்ந்து ஏறும்போது அந்த ஃபியூஸ் தாங்காது.

அதிகம் பேர் இடறுவது பயணி பக்க ஸ்விட்சில். அந்த மோட்டாருக்கு இரண்டே ஒயர். சும்மா இருக்கும்போது இரண்டும் எர்த்தில் இருக்கும். ஸ்விட்சை அமுக்கினால் ஒன்று மட்டும் பாசிட்டிவுக்கு மாறும். பயணி ஸ்விட்சுக்கு ஐந்து ஒயர்: ஒரு பாசிட்டிவ், டிரைவர் ஸ்விட்சிலிருந்து இரண்டு, மோட்டாருக்கு இரண்டு. அவசரத்தில் இரண்டு ஸ்விட்சையும் நேரே மோட்டாரில் சேர்த்து முறுக்கிவிட்டால், யாராவது ஒரு ஸ்விட்சை அமுக்கிய உடனே பாசிட்டிவும் எர்த்தும் நேருக்கு நேர் சேர்ந்து ஃபியூஸ் போகும். பெரிய ஃபியூஸாகப் போட்டுச் சமாளித்தால் அடுத்துப் போவது ஒயர்.

ஒயரைக் கதவு இடுக்கில் தொங்க விடாமல் ரப்பர் குழாய்க்குள் கொஞ்சம் தளர்வாக விட்டு இழுங்கள். இழுத்துப் பிடித்தால் கதவு திறந்து மூடி உள்ளே செம்பு அறுந்துவிடும், மேலே பார்த்தால் தெரியாது. டோர் பேடுக்குப் பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் தாளைக் கிழித்து எறியாதீர்கள். ஐப்பசி மழையில் கால்மிதியடிக்குக் கீழே தண்ணீர் நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் அதுதான்.

பழைய கண்ணாடி ரப்பர் கல்லாக இறுகியிருந்தால் மோட்டார் திணறும். மாற்றுங்கள், இல்லையேல் சிலிகான் ஸ்பிரே அடியுங்கள். எண்ணெயோ கிரீஸோ வேண்டாம். கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கிரானைட் தூசி அதில் ஒட்டினால் உப்புத்தாள் ஆகிவிடும்.

புது மாடலின் முன்சீட் இரண்டை வாங்கிவிட்டேன். போல்ட் துளை இரண்டு சென்டிமீட்டர் தள்ளி வருகிறது. தரையில் புதுத் துளை போட்டுக்கொள்ளலாமா? இதையெல்லாம் ஆர்.சி.யில் பதிய வேண்டுமா?
- வாசகர், அரூர்

கூடாது. பிரேக் அடிக்கும்போதும் மோதும்போதும் ஆளின் எடை முழுக்க அந்த நான்கு போல்ட்டில்தான் விழும். கம்பெனி துளை உள்ள இடத்தில் அடியில் கனமான தகடு இருக்கும். நீங்கள் போடும் துளைக்கு வெறும் தகரம். பெல்ட் கொக்கியும் சீட்டோடு சேர்ந்தே இருப்பதால் ஆபத்து இரட்டிப்பு. சீட்டை விற்றுவிட்டுப் பழைய சீட்டுக்கே புது ஃபோமும் உறையும் போடுங்கள். ஆர்.சி. பற்றியும் கேட்டிருந்தீர்கள்: உறை, ஸ்டீரியோ போன்றவற்றுக்கு ஆர்.டி.ஓ. அனுமதி தேவையில்லை. ஆனால் சீட் எண்ணிக்கை ஆர்.சி.யில் பதிவானது, அதைக் கூட்டினால், வண்டியில் மாற்றம் செய்வது பற்றிய மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவில் வந்து நிற்கும்.

ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ போட்டதிலிருந்து இரண்டு நாள் வண்டியை நிறுத்தினால் ஸ்டார்ட் ஆவதில்லை.
- வாசகர், ஊத்தங்கரை

ஸ்டீரியோவின் மஞ்சள் ஒயர் எப்போதும் பேட்டரியில் இருக்க வேண்டும், சிவப்பு சாவியோடு வர வேண்டும். மாட்டியவர் இரண்டையும் சேர்த்து முறுக்கியிருப்பார். சாவியை எடுத்த பிறகும் திரை அணையவில்லையா, அப்படியானால் அதேதான். அணைகிறது என்றால் கதவை எல்லாம் மூடி அரை மணி நேரம் கழித்து, பேட்டரி நெகட்டிவில் மல்டிமீட்டரை 10 ஆம்பியர் துளையில் தொடராக இணைத்துப் பாருங்கள். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் சரி. கூடுதலாக இருந்தால் ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கும்போது அளவு விழுகிறதோ அந்தச் சுற்றில்தான் கோளாறு. மீட்டர் மாட்டியிருக்கும்போது மறந்துபோய் ஸ்டார்ட் பண்ணிவிடாதீர்கள், மீட்டர் ஃபியூஸ் போய்விடும்.