விண்மீன் மண்டலங்களின் உருவம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

அல்சூர் வாசகர்: பால்வெளியும் ஆண்ட்ரோமெடாவும் மோதிக்கொள்வது உறுதிதானே?

உறுதி இல்லை. ஏறத்தாழ 25 லட்சம் ஒளியாண்டு தொலைவிலுள்ள ஆண்ட்ரோமெடா, நொடிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் நம்மை நெருங்குவது உண்மை. ஆனால், பால்வெளியின் துணை மண்டலமான பெரிய மெகல்லானிய மண்டலத்தின் ஈர்ப்பையும் சேர்த்து 2025இல் வெளியான கணக்கீட்டின்படி, அடுத்த 1000 கோடி ஆண்டுகளில் அவை இணைவதற்குப் பாதி வாய்ப்பே உண்டு.

ஜயநகர் வாசகர்: நீள்வட்ட மண்டலங்கள்தாம் நாளடைவில் சுருள் மண்டலங்களாக முதிர்கின்றன என்று என் மகளின் பாடக்குறிப்பில் உள்ளது. சரியா?

தவறு. இந்தப் பிழையை எத்தனை முறை திருத்துவது? சென்ற ஆண்டு பெங்களூருப் பள்ளி ஒன்றில் அறிவியல் கண்காட்சிக்கு நடுவராகச் சென்றிருந்தேன். தெர்மாகோல் பலகையில் பஞ்சு ஒட்டி அழகாகச் செய்த இசைக்கவை வரைபடத்தின் (இடப்பக்கம் நீள்வட்டங்களையும், வலப்பக்கம் இரு கிளைகளில் சுருள்களையும் அடுக்கும் படம்) அடியில், இடமிருந்து வலமாகச் சிவப்பு அம்பு ஒன்றை வரைந்து, ‘வயது’ என்று எழுதியிருந்தார்கள். அந்தப் பிள்ளைகள்மீது குற்றமில்லை. கொடுத்த குறிப்பில் அப்படித்தான் இருந்தது. வானியலாளர் எட்வின் ஹப்பிள் 1926இல் வகுத்தது உருவ வரிசை. அதில் நீள்வட்டங்களை ‘முந்தைய வகை’ என்றும் சுருள்களைப் ‘பிந்தைய வகை’ என்றும் சொல்லும் பெயர்களுக்குக் காலப் பொருள் கொள்ளலாகாது என்று அவரே எச்சரித்திருக்கிறார். வானியல் ஆய்வாளர்களான டூம்ரே சகோதரர்கள் 1972இல் கணினியில் காட்டியபடி, இரண்டு தட்டு மண்டலங்கள் நெருங்கினால் ஈர்ப்பின் இழுப்பால் நீண்ட வால்கள் பிய்த்தெறியப்படுகின்றன. அந்த மண்டலங்கள் முற்றிலும் இணையும்போது விண்மீன்களின் ஒழுங்கான சுற்றுப்பாதைகள் கலைந்து, பெரும்பாலும் நீள்வட்ட உருவமே எஞ்சுகிறது. அதற்காக அம்பைத் திருப்பிப் போட்டாலும் முழு உண்மையாகிவிடாது: மண்டலக் கொத்துகளில் மோதலே இல்லாமல் வாயுவை இழந்து லென்ஸ் வடிவத்துக்கு மாறும் சுருள் மண்டலங்களும் உண்டு. மகளின் குறிப்பில் அந்த வரியை அடித்துவிடுங்கள்.

இந்திராநகர் வாசகர்: இணைத்துள்ள படத்திலிருப்பது எந்த வகை மண்டலம்?

பெயர் இல்லை, எந்தக் கருவி என்ற விவரமும் இல்லை. எந்த அலைநீளத்தில் எடுத்த படம் என்று தெரியாமல் உருவத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்ல இயலாது.

ஸ்ரீராமபுரம், கல்லூரி மாணவி: ஆதி மண்டலங்கள் ஒழுங்கற்றவை என்று படித்தோம். ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி எப்படித் தட்டுகளைக் காட்டுகிறது?

நல்ல கேள்வி. அண்டம் விரிவதால் ஒளியின் அலைநீளம் நீளும் செவ்விலகலால், தொலைதூர மண்டலங்களின் புறஊதா ஒளியே நம் கண்ணுறு ஒளியாக வந்து சேர்கிறது. அதில் புதிய விண்மீன்கள் பிறக்கும் திட்டுகள் மட்டும் பளிச்சிடுவதால், ஹப்பிள் தொலைநோக்கியின் படங்களில் பல மண்டலங்கள் சிதறியவைபோல் தோன்றின. அகச்சிவப்பில் பார்க்கும் வெப், பழைய விண்மீன்களின் தட்டையும் காட்டுகிறது. புணே ஆய்வாளர்கள் 2025இல் அறிவித்த அளகநந்தா, பெருவெடிப்புக்குச் சுமார் 150 கோடி ஆண்டுகளுக்குப் பின் இருந்த மண்டலம். அதற்குள்ளாகவே அதில் இரண்டு தெளிவான சுருள் கைகள் அமைந்துவிட்டன. திட்டுத் திட்டான மண்டலங்களும் அன்று மெய்யாகவே மிகுதிதான். மறுபடியும் சொல்கிறேன்: படத்தைப் பார்க்குமுன் அலைநீளத்தைக் கேளுங்கள்.

மல்லேஸ்வரம் வாசகர்: சுருள் கைகள் ஏன் இறுகச் சுற்றிக்கொள்வதில்லை?

கை என்பது நிலையான பொருள் அன்று, அடர்த்தி அலை. சில்க் போர்டு சந்திப்பில் வண்டிகள் வந்து போக, நெரிசல் மட்டும் நிற்பதைப் போல, விண்மீன்கள் கைக்குள் புகுந்து வெளியேறுகின்றன. எல்லாச் சுருள்களுக்கும் இது பொருந்தாது. சில மண்டலங்களில் கைகள் தோன்றித் தோன்றி மறைகின்றன.

கோரமங்களா வாசகர்: காவலூர் வானாய்வகத் தொலைநோக்கியில் ஒரு மண்டலம் மாறுவதைக் காண முடியுமா?

முடியாது. சூரியன் பால்வெளியை ஒருமுறை சுற்றிவரவே சுமார் 23 கோடி ஆண்டுகள் ஆகின்றன. அருகிலுள்ள ஆயிரக்கணக்கான மண்டலங்களைத் தொலைவிலுள்ளவற்றோடு ஒப்பிட்டே மாற்றத்தை அறிகிறோம்.